வாவிக்கரையின் கபிரிஞ்ஞா: மட்டக்களப்புப் பறங்கியரின் குடும்ப இசைமரபு

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் 'மீன்பாடும் தேனாடு' என்னும் தொடருடன் தொடங்குவது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. நிலாக்கால இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் ஒலியை எமர்சன் டெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் விவரித்தார். விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்து பாடினார். மீனின் பாட்டுக்கு இத்துணை இலக்கியம் கிடைத்திருக்கிறது. ஆனால் அதே வாவிக்கரையிற் பல தலைமுறைகளாகத் தம் வீட்டு முற்றங்களிற் பாடியும் ஆடியும் வந்த ஒரு சிறு மக்கட்கூட்டத்தின் பாட்டுக்குத் தமிழ் ஆய்வுலகிற் கிடைத்துள்ள இடமோ மிகச் சிறிது. அவர்கள் பறங்கியர். அவர்தம் பாட்டும் ஆட்டமும் கபிரிஞ்ஞா எனப்படும்.

இம்மரபின் தனித்தன்மை அதன் மொழியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பாடுவோர் யார் என்பதும் அதேயளவு முக்கியமானது. இச்சமூகத்திற் பாடகர் என்று தனியே ஒரு தொழிற்குழு இல்லை. திருமண வீடொன்றில் வயலின் வாசிப்பவரும், மண்டலின் மீட்டுபவரும், றபான் தட்டுபவரும், ஒருவர் எடுத்த அடியைச் சேர்ந்து பாடுவோரும் பெரும்பாலும் அண்ணன் தம்பியராகவோ, மச்சான் முறையினராகவோ, சிறிய தந்தை பெரிய தந்தை மக்களாகவோ இருப்பர். ஒரே கூரையின் கீழ் ஒரே செவிப்பழக்கத்தில் வளர்ந்தோரின் குரல்கள் ஒன்றோடொன்று இயல்பாக இசைவதைப் பயிற்சியால் மட்டும் பெற்றுவிட முடியாது. இக்காரணத்தால் கபிரிஞ்ஞாவின் வரலாறு சில குடும்பங்களின் வரலாறாகவும் அமைகிறது.

இங்கு வரலாற்று மாணவனுக்கு முதலிலேயே ஒரு புதிர் எதிர்ப்படுகிறது. போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டியது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்பாடு கொண்ட ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கோட்டையைக் கைப்பற்றினர். ஆக, மட்டக்களப்பிற் போர்த்துக்கேயக் கோட்டை நிலைத்திருந்த காலம் பத்தே ஆண்டுகள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவர்கள் இதனினும் நெடுங்காலம் நிலைகொண்டிருந்தனர். எனினும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி ஒரு சமூகத்தின் வீட்டுமொழியாக இருபதாம் நூற்றாண்டைக் கடந்தும் உயிர்வாழ்ந்தது மட்டக்களப்பிலும் திருகோணமலையிலுமேயாகும். பத்தாண்டுக் காவற்படையொன்று இதனைச் செய்திருக்க முடியாது. விடையைப் பின்வந்த ஒல்லாந்தர் காலத்திலேயே தேடவேண்டியுள்ளது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சிப்பாய்களும் கைவினைஞரும் பெரும்பாலும் பெண்களை உடன் அழைத்து வந்தவர்களல்லர். அவர்கள் இங்கு மணந்த பெண்களிற் பலர் போர்த்துக்கேய வழியினர். பிள்ளைக்குத் தந்தையிடமிருந்து கிடைத்தது குடும்பப் பெயர். மொழியும் தாலாட்டும் தாயிடமிருந்து கிடைத்தன. இன்றும் மட்டக்களப்புப் பறங்கியரிடையே ஒல்லாந்துப் பெயர் தாங்கியோர் போர்த்துக்கேயப் பாட்டுப் பாடுவதன் காரணம் இதுவே. கம்பனி இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. டச்சு மொழி பேசத் தெரியாத அடிமைகளின் தலைமயிரைக் கத்தரிக்க வேண்டும் என்று 1659இற் கொழும்பிற் கட்டளை பிறந்தது. சட்டம் தலைமயிரைக் கத்தரித்தது. நாவை அதனால் எதுவும் செய்ய இயலவில்லை. அடுக்களையிலும் தொட்டிலடியிலும் வழங்கும் மொழிக்கு எதிராக அரச கட்டளைகள் எவ்வளவு வலுவற்றவை என்பதற்கு இலங்கை வரலாற்றில் இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆங்கிலேயர் வந்த பின்னரும் இம்மொழி பரவலாக வழங்கியமையாலேயே வெஸ்லியன் மிசனரியான வில்லியம் பக்லி பொக்ஸ் 1819இல் இலங்கைப் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றுக்கும் ஓர் அகராதி வெளியிட்டார்.

தமிழ் மாணவர்க்கு இம்மொழி அந்நியமானதன்று. கதிரை, மேசை, அலமாரி, சாவி, கோப்பை, சப்பாத்து, பாண், துவாய், தவறணை, அலவாங்கு எனப் போர்த்துக்கேயம் நமக்குத் தந்த சொற்களை நாம் நாள்தோறும் ஆளுகிறோம். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. 1970களில் மட்டக்களப்பிற் களஆய்வு செய்த மொழியியலாளர் இயன் சிமித், இக்கிரியோலின் வாக்கிய அமைப்பு தமிழின் போக்கிற் பெரிதும் மாறியிருப்பதை விளக்கினார். ஐரோப்பியப் போர்த்துக்கேயத்தில் வினை நடுவே வரும். இங்கோ அது தமிழிற்போல இறுதிக்கு நகர்ந்துவிட்டது. அங்குப் பெயருக்கு முன் நிற்கும் 'பாரா' என்னும் இடைச்சொல், இங்குத் தேய்ந்து குறுகிப் பெயருக்குப் பின் நம் வேற்றுமையுருபு போல ஒட்டிக்கொள்கிறது. சொல் லிஸ்பனுடையது, இலக்கணம் மட்டக்களப்பினுடையது எனச் சற்று மிகைப்படுத்திச் சொன்னாலும் தவறாகாது. இத்தகைய மொழியிற் பாடப்படும் பாட்டை அயலார் பாட்டு என ஒதுக்குவது எங்ஙனம்?

இனிப் பாடலுக்கு வருவோம். 'கபிரிஞ்ஞா' என்ற சொல் 'கபிரி' என்பதன் குறுமை வடிவம். கபிரி என்பது ஆபிரிக்கரைக் குறிக்கப் போர்த்துக்கேயர் அரபியிலிருந்து பெற்று வழங்கிய சொல். போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் படைவீரராகவும் அடிமைகளாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாளம் இதிற் கலந்திருப்பதை அப்பெயரே உணர்த்துகிறது. ஆறெட்டுத் தாளத்தில், எதிர்பாராத இடத்தில் அழுத்தம் விழுமாறு அது நடக்கும். கேட்போர் கால் தாமாகவே அசையும். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரும், உறவினர் கூடிப் பாடும் தம் 'மஞ்ஞா' பாடல்களிற் போர்த்துக்கேயக் கிரியோலைக் காத்து வந்துள்ளனர். இரு மரபுகளையும் ஒப்புநோக்குவது பயன்தரும். இசைக்கருவிகளைப் பார்த்தாலும் கலப்பு தெரிகிறது: வயலின் ஐரோப்பாவினது, றபானோ அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் பயில்வது.

பாட்டு நாலடி கொண்டது. மோதிரம், கடல், பறவை, பூ, கன்னியின் கண், கைவிட்டுப் போன காதல் ஆகியன அதன் பொருள். ஒருவர் ஒரு நாலடியைப் பாட, மற்றவர் அதற்கு எதிர்ப்பாட்டாக இன்னொன்றைப் பாடுவர். சொல்லிற் கேலி இருக்கும். சிலவேளை அது எல்லை மீறும். வெட்கப்படுவோர்க்கு இவ்வரங்கில் இடமில்லை. நம் வயல்வெளிகளிற் பாடப்பட்ட நாட்டார் கவிகளிலும் நாலடியும், ஆணும் பெண்ணும் வினாவிடையாகப் பாடும் மரபும் உண்டு. இவ்விரண்டினிடையே கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்ததா, இரண்டும் தனித்தனியே தோன்றினவா என்பதைத் துணிந்து கூறுதற்கு முறையான ஒப்பாய்வு தேவை. நாலடிக் காதற்பாட்டு போர்த்துக்கலின் நாட்டுப்புறங்களிலும் பெருவழக்காயிருப்பதால் அவசர முடிவு தவறாகலாம்.

இப்பாடல்களை ஏட்டிலேற்றிய பெருமை சிவில் சேவை அதிகாரியாகவிருந்த ஹியூ நெவிலைச் சாரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் பணியாற்றிய அவர் ஆயிரக்கணக்கான ஏடுகளைத் திரட்டினார். அத்திரட்டு இப்போது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதில் மட்டக்களப்புப் பறங்கியர் பாடல்களையும் கபிரியர் பாடல்களையும் கொண்ட கையெழுத்துப் பிரதியொன்றும் அடங்கும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டேவிட் ஜாக்சன் அப்பிரதியையும், தாம் கள ஆய்விற் பதிவுசெய்த பாடல்களையும் ஒருங்கே ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். 'வெட்கமின்றிப் பாடு' என்ற பொருள்படும் தலைப்பை அந்நூலுக்கு அவர் இட்டமை மிகப் பொருத்தமே. 'சிங்கெலே நோனா' என்னும் பாட்டைப் பற்றி அவர் காட்டிய செய்தி நம்மை வியக்கவைக்கிறது. இதே பாட்டு 'ஜிங்க்லி நோனா' என்ற பெயரில் மலாக்காவின் போர்த்துக்கேய வழியினரிடையேயும் பாடப்படுகிறது. மட்டக்களப்பு வாவியும் மலாக்கா நீரிணையும் ஒரே பாட்டை நினைவில் வைத்திருக்கின்றன. இந்து சமுத்திரத்தின் கப்பல்கள் கறுவாவையும் மிளகையும் மட்டும் சுமந்து திரிந்தவையல்ல.

பாட்டின் உயிர்நிலை திருமண வீடு. மணநாளன்று இரவு லான்சர் ஆட்டம் இடம்பெறும். இது 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. இணைகள் எதிரெதிரே நின்று ஆடுவது. பின்பு கபிரிஞ்ஞா. மேடை கிடையாது, ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் இடையிற் கோடு கிடையாது. நம் கூத்துக் களரியை நினைத்துப் பார்த்தால் ஒற்றுமையும் வேற்றுமையும் புலப்படும். அங்கும் அண்ணாவியார் எடுத்த அடியைச் சபையோர் வாங்கிப் பாடுவர். அங்கும் ஊரும் உறவும் சேர்ந்தே ஆட்டத்தை நடத்தும். ஆயினும் கூத்துக்கு ஏடு உண்டு, சட்டம் கொடுத்துப் பழக்கும் அண்ணாவியார் உண்டு, அரங்கேற்றம் உண்டு. கபிரிஞ்ஞாவுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. வீட்டிற் கேட்டுப் பழகுவதே அதன் ஒரே கல்விமுறை. எனவே ஒரு குடும்பம் ஊரைவிட்டுச் செல்லும்போது பாட்டின் ஒரு பகுதியும் உடன் செல்கிறது.

இம்மரபு கவனிக்கப்படாது கிடந்தமைக்குச் சமூகக் காரணமும் உண்டு. 1908இற் கொழும்பில் நிறுவப்பட்ட டச்சுப் பறங்கியர் சங்கம், தந்தைவழி வம்சாவளி காட்டக்கூடியோரையே தன் உறுப்பினராக ஏற்றது. ஆங்கிலம் பேசி உயர் உத்தியோகம் வகித்த அவர்களுக்கும், தச்சு வேலையும் கொல்வேலையும் தையலும் செய்து வாழ்ந்த மட்டக்களப்புப் பறங்கியருக்கும் இடையே வர்க்க இடைவெளி பெரிதாயிருந்தது. 'மெக்கானிக்' என்ற சொல் இவர்களை இழித்துரைக்கவே வழங்கிற்று. அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வரே 1982இல் எழுதிய கட்டுரையில் இப்பிரிவினையை விரிவாக ஆராய்ந்துள்ளார். கபிரிஞ்ஞாவைக் காத்தவர்கள் அந்த மெக்கானிக்குகளே. உளியும் சம்மட்டியும் பிடித்த கைகளே வயலினையும் பிடித்தன. மேற்றட்டினர் ஆங்கிலத்திற்கு மாறி 1950களின் பின்னர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது, கிரியோல் வறியோரின் சொத்தாக எஞ்சிற்று.

இதற்கிடையிற் கபிரிஞ்ஞாவின் தாளம் தன் சொந்தக்காரரை விட்டு வெகுதூரம் சென்றது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் 1940களிலும் 50களிலும் அத்தாளத்திற்குச் சிங்களச் சொற்களை இட்டுப் பைலாவை நாடறியச் செய்தார். மொறட்டுவையில் அன்ரன் பெரேரா தம் புதல்வரைக் கொண்டு 1969இல் அமைத்த ஜிப்சீஸ் குழு, சகோதரர் குரல் சேர்ந்து பாடும் பாட்டை நாடெங்கும் மேடைதோறும் கொண்டு சென்றது. அதன் முதன்மைப் பாடகரான சுனில் பெரேரா 2021இல் மறையும்வரை அக்குழுவுக்கு இணையான மேடைக்கவர்ச்சி வேறு குழுவுக்கு வாய்த்ததென்று கூறுவது கடினம். தமிழிலும் ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் பாடல்கள் அத்தாளத்தையே பின்பற்றின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துச் செப்பனிட்டு மேடையேற்றியபோது, அது எவ்வூர்க் கலை என்பதும் உடன் அறியப்பட்டது. பைலாவின் வெற்றியாற் கபிரிஞ்ஞா பாடிய குடும்பங்களுக்கு அத்தகைய நன்மை விளையவில்லை. தாளம் புகழ்பெற்றது, பாடியவர்கள் பெயரற்றுப் போயினர்.

போர்க்கால இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அச்சிறு சமூகத்தை மேலும் குறைத்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடற்கோள், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட டச்பார்ப் பகுதியை அழித்தபோது பறங்கியர் பலர் உயிரிழந்தனர். இறந்தவர்களோடு அவர்கள் மனத்திலிருந்த நாலடிகள் எத்தனை போயின என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

ஒலிப்பதிவு முயற்சிகள் இருமுனையிலும் நடந்துள்ளன. 1998இற் போர்த்துக்கலில் வெளிவந்த இசைத்தட்டுத் தொகுதியொன்று, அந்நாட்டினர் சென்ற கடல்வழிகளின் பாடல்களுடன் இலங்கைப் பாடல்களையும் சேர்த்துக்கொண்டது. 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹூகோ கார்டோசோ தலைமையிலான குழு கிழக்கிலங்கைக் கிரியோலை ஒலியாகவும் காட்சியாகவும் பதிவுசெய்தது. அக்குழுவில் இசையையும் ஆடலையும் ஆராய்ந்தவர் மகேஷ் ராதாகிருஷ்ணன். இப்பதிவுகளிற் பேசுவோர் தமிழும் அறிந்தவர்கள். தமிழ்வழிக் கல்வி பயின்றவர்கள். நம் வகுப்பறைகளில் நம்முடன் அமர்ந்திருக்கக்கூடியவர்கள். அவர்களிடம் சென்று கேட்க நமக்குக் கப்பல் வேண்டியதில்லை. புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்தாற் போதும்.