நிலவறையில் உருவான மீள்திறன்: இரு தன்வரலாறுகளை முன்வைத்து

சிறுவயதில் கடத்தப்பட்டு மீண்டவர்களின் தன்வரலாறுகளில் மீள்திறனைத் தேடுவோர் பெரும்பாலும் கடைசி இயல்களுக்குப் போய்விடுகிறார்கள். விடுதலை, சிகிச்சை, புதுவாழ்வு என்று அங்கே ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. ஆஸ்திரியாவின் நடாஷா கம்புஷ் 2010இல் வெளியிட்ட ‘3096 நாட்கள்’ இந்த வாசிப்புக்கு இடங்கொடுக்கவில்லை. அமெரிக்காவின் ஜெய்சி டுகார்ட் 2011இல் வெளியிட்ட ‘களவாடப்பட்ட வாழ்வு’ நூலும் அப்படியே. கடத்தியவனோடு சிறுமி அன்றாடம் நடத்திய பேரத்திலேயே மீள்திறன் உருவாகிவிட்டது என்பதே இந்நூல்கள் தரும் சான்று.

1998 மார்ச் 2 அன்று, வியன்னாவில் பள்ளிக்குப் போகும் வழியில் கம்புஷ் கடத்தப்பட்டபோது அவருக்கு வயது பத்து. ஸ்ட்ராஸ்ஹோஃப் என்னும் ஊரில், ஒரு வீட்டின் கார் கொட்டகைக்கு அடியில் இருந்த சிற்றறையில் அடைக்கப்பட்டார். முதல் இரவில் கதை படித்துக்காட்டும்படி கடத்தியவனிடமே கேட்டதாக எழுதுகிறார். இதைப் பேதைமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதே சிறுமிதான் பின்னாளில் அவனை எஜமான் என்று அழைக்க மறுத்தாள், மண்டியிடவும் மறுத்தாள், அவன் அடித்ததையெல்லாம் தாளில் குறித்து வைத்தாள். பன்னிரண்டு வயதில், வளர்ந்து நிற்கும் தன்னையே கற்பனையில் வரவழைத்து, பதினெட்டு வயதில் வந்து விடுவிப்பதாக அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். 2006 ஆகஸ்ட் 23 அன்று, காரைச் சுத்தம் செய்துகொண்டிருக்கையில், தொலைபேசி அழைப்பு ஒன்றால் அவன் கவனம் விலக, கம்புஷ் ஓடினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. எதில் இணங்கலாம், எதில் இணங்கவே கூடாது என்ற கணக்கு இத்தனை ஆண்டுகளும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாளைய அறிவு பழைய நாட்களுக்கு ஏற்றிய ஒழுங்குதானே இது என்று கேட்கலாம். கம்புஷின் நூலுக்கு எழுத்துத் துணைவர்கள் இருந்ததால் ஐயம் இன்னும் வலுக்கிறது. நியாயமான கேள்வி. டுகார்டின் நூல் இதற்கு வடிவத்திலேயே விடை வைத்திருக்கிறது. 1991இல் பதினொரு வயதில் கடத்தப்பட்டு 2009இல் மீண்ட அவர், சிறுமியின் பார்வையில் நிகழ்வுகளைச் சொல்லி, வளர்ந்தவளின் சிந்தனையைத் தனிப் பகுதிகளாகப் பிரித்து வைக்கிறார். எது அன்றையது, எது இன்றையது என்ற எல்லை அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. தன் பெயரைச் சொல்லவே தடைசெய்யப்பட்டிருந்த அவர், அதிகாரிகள் விசாரித்தபோது வாயால் சொல்ல இயலாமல் எழுதிக் காட்டியதாகப் பதிவு செய்கிறார். வெற்றிக்கதை புனைய விரும்புபவர் எழுதும் காட்சி அல்ல இது.

மற்றொரு மறுப்பு, சிறைப்பிடித்தவனிடமே பிணைக்கைதி பற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘ஸ்டாக்ஹோம் நோய்க்குறி’ என்பது. 1973இல் ஸ்டாக்ஹோமில் நடந்த வங்கிப் பிணைக்கைதிகள் சம்பவத்தை ஒட்டிப் பிறந்த இப்பெயர், அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூலில் இடம்பெறவில்லை. கம்புஷ், டுகார்ட் இருவருமே இம்முத்திரையை ஏற்கவில்லை. கடத்தியவனைத் தவிர வேறு மனித முகமே காணாத குழந்தை அவனிடம் கனிவைத் தேடியதை நோயென்று சொன்னால், அதற்குள் இருந்த கணிப்பு மறைந்துவிடுகிறது. இப்படி வாதிடுவது குற்றவாளிக்குச் சலுகை காட்டுவதாகாதா என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை: அடியையும் பட்டினியையும் கம்புஷின் நூல் எங்கும் மறைக்கவில்லை. தான் தப்பிய அன்றே ரயில்முன் பாய்ந்து இறந்த கடத்தல்காரனுக்காக அவர் அழுததைத்தான் பலரால் பொறுக்க முடியவில்லை. பொதுமக்களின் ஐயத்தையும் வெறுப்பையும் எதிர்கொண்ட ஆண்டுகளைப் பற்றி எழுத, 2016இல் அவருக்கு இன்னொரு நூல் தேவைப்பட்டது.