நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு கோலம்

ஆரப்பாளையத்தின் சந்துகளில் டிசம்பர் மாதம் ஒரே வாசலில் இரண்டு அலங்காரங்கள் நடக்கின்றன. மேலே, மொட்டை மாடியிலிருந்து நீட்டிக் கட்டிய மூங்கிலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது. கீழே, சாணம் தெளித்த தரையில் மார்கழிக் கோலம். டிசம்பர் 16ஐ ஒட்டி மார்கழி பிறப்பதால் கிறிஸ்துமஸ் மார்கழியின் ஒன்பதாம் அல்லது பத்தாம் நாளில் வந்து விழும். சுவரை ஒட்டிச் சுவராக வீடுகள் நிற்கும் இந்தப் பகுதியில் ஸ்டார் கட்டியது ஒரு வீடாகவும், கோலம் போட்டது எதிர்வீடாகவும் இருக்கலாம். கிறிஸ்தவ வீட்டு வாசலிலேயே நட்சத்திரமும் மெழுகுவத்தியும் கோலமாக விரிந்திருப்பதும் உண்டு.

ஸ்டார் கட்டுவது ஏணியேறும் வேலை. பெரும்பாலும் ஆண்கள் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிப்பார்கள். கட்டியது ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் நிற்கும். கோலம் விடியுமுன் பெண்கள் குனிந்து செய்யும் வேலை. பால்காரரின் சைக்கிளும் பள்ளி வேனும் போய்வந்தால் அழிந்துவிடும். மறுநாள் மறுபடியும் போட வேண்டும். தெருவின் கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று செல்போனில் படம்பிடிக்கப்படுவது மேலே தொங்குவது மட்டும்தான். நிற்பது வரலாறாகிறது, தினமும் அழிந்து தினமும் செய்யப்படுவது வழக்கம் என்ற சொல்லுக்குள் ஒதுங்கிவிடுகிறது. அப்படி ஒதுங்கியவற்றைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

விழா வேண்டாம் என்றவர்கள்

கிறிஸ்துமஸ் அலங்காரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மதுரையின் வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை.

மதுரைக்குக் கிறிஸ்தவம் இரண்டு வழிகளில் வந்தது. இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்து காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று இயேசு சபையின் மதுரை மிஷனை வளர்த்தது முதல் வழி. அதே மிஷனில் பின்னால் வந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை எழுதினார். இயேசுவின் பிறப்பைத் தமிழ்க் காப்பியமாக்கிய அந்நூலின் தலைவன் வளன், அதாவது சூசையப்பர். பிள்ளை பெற்றவள் ஒருத்தி இருக்க, காப்பியத் தலைமை அவள் கணவனுக்குப் போனது. ஆனால் கோணான்குப்பத்தில் அதே முனிவர் எழுப்பிய கோயிலில் மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர்; அவள் சேலை உடுத்தியவள். காப்பியத்தில் கிடைக்காத இடம் அவளுக்கு அலங்காரத்தில் கிடைத்தது. தமிழ்ப் பெண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகக் கண்டது அந்தச் சேலை வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளை பிரிந்து மதுரைக்கு வந்தவர்கள் இவர்கள். இவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் தலைமையகம் பாஸ்டன். அந்த பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் ப்யூரிட்டன்கள் 1659இல் ஒரு சட்டம் போட்டார்கள்: கிறிஸ்துமஸ் கொண்டாடுபவருக்கு 5 ஷில்லிங் அபராதம். பைபிளில் டிசம்பர் 25 இல்லை, இந்த விழா குடிக்கும் கூத்துக்கும்தான் வழிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 1681இல் சட்டம் நீக்கப்பட்டாலும் மனநிலை நீங்கவில்லை. மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் சட்டப்படி விடுமுறை ஆனது 1856இல். அதாவது, மதுரைக்கு மிஷன் வந்து 22 ஆண்டுகள் கழித்து.

விழாவைச் சந்தேகத்தோடு பார்த்த ஒரு மரபிலிருந்து வந்த திருச்சபையின் தெருக்களில் இன்று ஸ்டார் இல்லாத கிறிஸ்தவ வீடு அரிது. இடையில் மேற்கும் மாறியது. விக்டோரியா ராணி குடும்பத்தோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு, மரமும் மெழுகுவத்தியும் ஆங்கிலேய நடுத்தர வீடுகளின் வழக்கமாயின, அமெரிக்காவுக்கும் பரவின. ஆனால் நம் ஊரில் பைன் மரம் இல்லை. சவுக்குக் கிளையை வெட்டி மண் நிரப்பிய வாளியில் நட்டார்கள். அதற்குப் பஞ்சு ஒட்டிப் பனி காட்டினார்கள். பனியே பெய்யாத ஊரில் இந்தப் பஞ்சுப்பனி அசட்டுத்தனம் என்று சிரிக்கலாம். நான் அதை வேறுமாதிரி பார்க்கிறேன். திருவிழா என்றால் வாசலை மாற்ற வேண்டும், தோரணம் கட்ட வேண்டும், விளக்கு வைக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்கு முன்பே தெரியும். கார்த்திகைக்கு வாசலில் அகல் வைத்துப் பழகிய கை, மதம் மாறிய பிறகு சும்மா இருக்குமா? வந்த விழாவுக்கு இங்கிருந்த கைப்பழக்கம் உருவம் கொடுத்தது. அந்தக் கைகளில் பெரும்பாதி பெண்களுடையவை.

குடிலும் முளைப்பாரியும்

குடிலின் கதையை 1223இலிருந்து தொடங்குவது வழக்கம். இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசியின் பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, பிறப்பின் காட்சியை மக்களுக்குக் காட்டினார். அந்நாளைப் பதிவு செய்த செலானோவின் தாமஸ் வைக்கோலைச் சொல்கிறார், மாட்டைச் சொல்கிறார், கழுதையைச் சொல்கிறார். தாயாக யாரும் நின்றதாக அதில் இல்லை. ஒரு பிரசவத்தின் நினைவு, பெற்றவள் இல்லாமல் தொடங்கியிருக்கிறது.

மதுரையில் குடிலுக்கு வேண்டிய பொம்மைகள் எங்கிருந்து வருகின்றன? திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரி கிராமத்தில் மண்பாண்டக் கலைஞர்கள் தலைமுறைகளாகப் பொம்மை செய்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கார்த்திகைக்கு அகல்விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் செட். ஒரே களிமண், ஒரே சூளை. கொலுப்படியில் செட்டியாரும் அவர் மனைவியும் உட்கார்ந்த அதே திண்ணையில் சில வாரங்கள் கழித்து இடையர்களும் ஒட்டகங்களும் காய்கின்றன. இது குடும்பமாகச் செய்யும் தொழில். மண் மிதித்து அச்சில் அழுத்துவதிலிருந்து கண் எழுதுவது வரை வீட்டுப் பெண்களின் கை எல்லாவற்றிலும் உண்டு. மாதாவின் கண்ணை எழுதும் பெண் பெரும்பாலும் மாதா கோயிலுக்குப் போகாதவள். மதநல்லிணக்கம் என்று மேடையில் பேசப்படும் பெரிய சொல்லை அவள் அரைநாள் கூலிக்காக, இடுப்பு நோக உட்கார்ந்து, ஒரு மெல்லிய தூரிகையால் செய்து முடித்துவிடுகிறாள்.

குடிலில் இன்னொரு நுட்பமும் உண்டு. பச்சைப் புல்வெளிக்காகக் கடுகோ கேழ்வரகோ வெந்தயமோ தட்டில் விதைத்து முளைக்க வைப்பார்கள். சரியாகப் பண்டிகைக்கு விரல் உயரம் வளர்ந்திருக்க என்றைக்கு விதைப்பது, எவ்வளவு நீர் தெளிப்பது, எப்போது இருட்டில் வைப்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? மதுரைச் சுற்றுவட்டார அம்மன் கோயில் திருவிழாக்களில் முளைப்பாரி வளர்க்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. வெயில் படாத அறையில், விரதமிருந்து, கும்மியடித்துப் பாடி வளர்க்கப்படும் அந்தப் பயிர் பெண்களின் வேளாண் அறிவு. விதையின் தரத்தைச் சோதித்துப் பார்க்கும் வழியும் அதுவே என்பார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் குடில் போட்டிக்குப் பரிசு வாங்கும்போது அந்தப் பரிசில் பாட்டிகளின் முளைப்பாரிக்கும் பங்கு இருக்கிறது. பரிசுச் சான்றிதழில் அதற்கு இடமில்லை.

இரவு யாருடையது?

மின்விளக்குகளைக் கிறிஸ்துமஸ் மரத்தில் முதலில் சுற்றியவர் எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன். 1882இல் நியூயார்க்கில், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்புகள். அந்த ஒளியின் பேரப்பிள்ளைகள்தாம் நம் தெருக்களின் சீரியல் செட்டுகள். வரிசையாக இணைப்பதால் அந்தப் பெயர். பழைய செட்டில் ஒரு பல்பு போனால் முழு வரிசையும் அணைந்துவிடும். மாரியம்மன் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் அதே மைக் செட்காரர்தான் சர்ச்சுக்கும் கட்டுகிறார். இப்போது எல்.இ.டி. வந்து விலை குறைந்து, ஓட்டுவீட்டு வாசலிலும் ஒளி சொட்டுகிறது.

ஆனால் விளக்கு எரிவது இரவில். இரவில் தெரு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது அலங்காரத்தின் வரலாற்றில் கேட்கப்படாத கேள்வி.

கேரல் ரவுண்ட்ஸ் என்று ஒன்று உண்டு. ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒருவர் கையில் டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்ட ஒருவர். நள்ளிரவு தாண்டியும் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். நான் பேசிய மூத்த பெண்களில் பலருக்குக் கேரல் என்றால் நினைவு வருவது தூக்கக் கலக்கத்தில் எழுந்து காப்பி போட்டதுதான். பாட்டு தெருவிலிருந்து வந்தது; அவர்கள் அடுப்படியிலிருந்து கேட்டார்கள். ஞாயிறு காலைப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவர்கள்தாம் அவர்களும்.

இரவைப் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டது குடும்பம் மட்டுமில்லை, சட்டமும்தான். ஆரப்பாளையம், மேலப்பொன்னகரம் பகுதிகளின் வாழ்க்கை நெடுங்காலம் மதுரா மில்லின் சங்குச் சத்தத்துக்கு எழுந்து படுத்தது. ஹார்வி மில் என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 மணிக்கு மேல், காலை 6 மணிக்கு முன், பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஷிஃப்ட் முறையில் ஓடும் ஆலைக்கு இரவில் வராத தொழிலாளி வேண்டாதவளாகிப் போவாள் என்பது அதன் விளைவு. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, இரவு வேலை தரும் முதலாளி செய்துதர வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வகுத்தது. நகரம் முழுக்க விளக்கு எரிந்த அரை நூற்றாண்டு, அந்த விளக்கின் கீழ் வேலை பார்க்கும் உரிமை பெண்ணுக்கு இல்லை.

இன்றைக்கு வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். பிறகு விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேட்டால் சிரிப்பு நிற்கிறது. டிசம்பர் 24 இரவுப் பூசை அவர்களில் சிலருக்கு ஆண்டில் ஒரே ஒருநாள் நள்ளிரவில் தெருவில் நடக்கக் கிடைக்கும் அனுமதி. ஒரு மாணவி எழுதித் தந்தாள்: பூசை முடிந்து திரும்பும்போது ஸ்டார் பார்க்கிற சாக்கில் அவளும் தோழிகளும் மூன்று தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வருவார்களாம். அலங்காரத்தின் பயன் என்று எந்த நூலிலும் நான் படிக்காதது இது. ஸ்டார் அவர்களுக்கு நடக்க ஒரு காரணத்தைக் கொடுத்தது.

கூலியும் விடுதலையும்

அலங்காரம் பெண்ணைக் கட்டிப்போடும் வேலை மட்டும்தான் என்று முடித்துவிடவும் முடியாது. தெற்கே நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பின்னல் லேஸ் கற்றுக்கொடுத்தார். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா அதேபோல ஒரு லேஸ் பள்ளி நடத்தினார். பீடத்து விரிப்புக்கும் துரைசானிகளின் உடைக்கும் போன அந்த லேஸைப் பின்னியவர்களில் அடிமைச் சாதிகள் என்று வைக்கப்பட்டிருந்த பெண்களும் இருந்தார்கள். நாகர்கோவிலில் சிலர் லேஸில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். அலங்கார வேலை அற்ப வேலை என்பவர்களுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை. கூலி அவள் கைக்கு வந்தபோது அதே நூல் வேறு பொருள் பெற்றது.

கூலி கைக்கு வருகிறதா என்பதுதான் இன்றும் கேள்வி. மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் சிவகாசி. 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய ஊர், பிறகு அச்சும் பட்டாசும். நம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் கம்பி மத்தாப்பும் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. அந்தத் தொழில்களில் பெண்கள் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். பட்டாசு ஆலையில் விபத்து என்று செய்தி வரும்போது இறந்தவர் பட்டியலில் பெண்களின் பெயர்களைப் படிக்கிறோம். நம் வாசல் வெளிச்சத்துக்கு அவர்களைத் தெரியும், நமக்குத் தெரியாது.

சாதியையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. 1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, கிறிஸ்தவத்துக்குள்ளும் மடத்துக்குள்ளும் சாதி எப்படிக் கால்நீட்டி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தலித் பெண்ணின் குரலில் சொன்னது. அதைப் படித்தவர்களுக்கு, திருவிழாவில் ஜோடனை எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவோடு நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சீரியல் செட்டின் வயருக்கும் சாதி தெரிந்திருக்கிற ஊர்கள் உண்டு.

ஆரப்பாளையத்திலேயே ஒரு பெண்ணின் சமையலை நினைவில் வைத்திருக்கும் இடம் இருக்கிறது: புட்டுத்தோப்பு. வைகை உடைந்தபோது கரையடைக்க ஆளில்லாத கிழவி வந்திக்காக, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுச் சிவன் மண் சுமந்த திருவிளையாடல் ஆவணி மூலத்தின்போது இங்கேதான் நடக்கிறது. மண் சுமந்தவரும் பிரம்படி பட்டவரும் கடவுள் என்பதால் கதை நிலைத்தது. ஆனால் தோப்பின் பெயரில் நிற்பது அவள் அவித்த பிட்டு. ஒரு பெண்ணின் அன்றாட உழைப்பு ஊர்ப்பெயராக முடியும் என்பதற்கு நம் காலடியிலேயே சான்று இருக்கிறது.

அதனால் மாணவிகளுக்கு இந்த ஆண்டு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டில் எந்த மதப் பண்டிகையாக இருந்தாலும் சரி, அதற்கு முந்தைய பத்து நாட்களை மணிவாரியாக எழுத வேண்டும். ஒட்டடை அடித்தது யார், அதிரசப் பாகு பார்த்தது யார், குடிலுக்குக் கேழ்வரகு விதைத்தது யார், ஏணியைப் பிடித்தது யார், ஏறியது யார், கூலி வாங்கியது யார், வாங்காதது யார், விளக்கு எரிந்த பிறகு தெருவில் நின்று அதைப் பார்த்தது யார். நாற்பது நோட்டுகள் சேர்ந்தால் ஆரப்பாளையத்தின் விழா வரலாற்றில் முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்கலாம்.