முட்டுக்கட்டைச் சரித்திரம்

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரைப் பற்றிப் பேசுவோர் நம்பெருமாளின் திருக்கோலத்தையும், முதல் நாளே வந்து தங்கி வடம் பிடிக்கக் காத்திருக்கும் குடியானவர்களின் பக்தியையும் வாயார வர்ணிப்பார்களேயன்றி, உருளும் சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து, அப்பேருருவம் கவிழாமலும் திசை தப்பாமலும் நிலைக்கு வந்து சேரும்படி செய்கிற முட்டுக்கட்டைக்காரரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தேரின் சரித்திரத்தில் பாதி அவர்களுடையது என்பது என் அபிப்பிராயம்.

1323-இல் தில்லிப் படையெடுப்பின்போது ஊரை விட்டுச் சென்ற உத்ஸவ மூர்த்தி, 1371-இல் விஜயநகரத்துக் கோபண்ணரின் முயற்சியால் மீண்டும் எழுந்தருளிய பிறகு, விருப்பண்ண உடையார் 1383-இல் கிராமங்களை எழுதி வைத்து ஏற்படுத்திய சித்திரைப் பிரம்மோத்ஸவம் இன்றும் விருப்பன் திருநாள் என்றே வழங்குகிறது. தைத் தேர் உத்திர வீதியில் ஓடும். சித்திரைத் தேர் அதற்கு வெளியே உள்ள சித்திரை வீதியில் ஓடும். வீதி எதுவாயினும் மூலைகள் நான்கு. தேரோட்டத்தின் சோதனையெல்லாம் அங்கேதான்.

மாட்டு வண்டியைத் திருப்ப நுகத்தடி உண்டு. குதிரை வண்டிக்குத் திரும்பும் முன்னச்சு உண்டு. தேரின் அச்சுகளோ அடிப்பாகத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டவை. இலுப்பை முதலிய கனத்த மரங்களால் அடிப்பாகத்தை இழைத்து, மேலே மூங்கிலும் சீலையும் தொம்பைகளுமாக லேசாகக் கட்டி, பாரம் முழுவதும் கீழே தங்கும்படி செய்த ஆசாரிகளின் யுக்தி மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்த யுக்தி தேரை நிற்க வைக்குமேயன்றித் திருப்பாது. பிரதக்ஷிணமாகச் செல்லும் தேர் ஒவ்வொரு மூலையிலும் வலப்புறம் திரும்பியாக வேண்டும். ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கட்டையை வலச் சக்கரத்தின் முன்னே சற்றுச் சாய்வாக இடுவார்கள். அச்சக்கரம் தயங்க, இடச் சக்கரம் முந்த, தேர் மெல்ல முகத்தைத் திருப்பும். கட்டை மிகுந்தால் தேர் குலுங்கி நிற்கும், குறைந்தால் எதிர்வீட்டுத் திண்ணையை நோக்கி நடக்கும். எவ்வளவு என்பதை எந்தச் சாஸ்திரமும் எழுதி வைக்கவில்லை. தகப்பன் இடுவதைப் பார்த்து மகன் கற்றான்.

1995-இல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் மெர்ஸிடிஸ் காரில் முதன்முதலாகப் பொருத்திய நிலைகாப்பு ஏற்பாடும் இதே சூக்ஷ்மத்தின்மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். வேகமாக வளைவில் திரும்பும் ஸ்போர்ட்ஸ் கார் வழுக்கத் தொடங்கும்போது, அந்த யந்திரம் நான்கு சக்கரங்களில் தேவையான ஒன்றை மட்டும் பிரேக்கால் பிடித்து, வண்டியின் முகத்தை வழிக்குத் திருப்புகிறது. முட்டுக்கட்டை இடும் கையின் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவே. சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் உணர்கருவி அழுக்கடைந்தாலும், அதன் கம்பி நைந்தாலும் மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் கருவியை மாட்டிப் பிழைக் குறியை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும்; காரணத்தைத் தேடித் திருத்தாவிட்டால் மறுபடியும் எரியும்.

தேருக்கு விளக்கு இல்லை. ஆனால் எச்சரிக்கை உண்டு. ஒரே பக்கமாக மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டு போகிற தேரில், அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் குடம் அச்சில் உரசுகிறதா, கடையாணி நெருக்குகிறதா என்று பார்க்க வேண்டும். தேர் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால், சக்கரம் தேய்ந்ததோ வீதி சரிந்ததோ என்று பிரித்தறிய வேண்டும். அதைச் செய்யாமல், இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கட்டையைக் கூட்டிச் சமாளிப்பது, பிழைக் குறியை மட்டும் அழிக்கும் மெக்கானிக்கின் வேலைக்கு ஒப்பானது.

ஸ்ரீரங்கத்தைத் தன்னுள் கொண்ட திருச்சிக்கு இந்தச் சரித்திரத்தில் வேறொரு பங்கும் உண்டு. 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேர் 1948-க்குப் பின் ஓடாமல் நின்று 1970-இல் மறுபடி ஓடியதற்கும், அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைந்ததற்கும் திருவெறும்பூரில் 1960-களில் எழுந்த பாரத மிகுமின் நிலையத்தின் தொழில்திறமையே துணை நின்றது. மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை தியாகேசரின் தேர்க்கால்களைத் தாங்க வந்தது விசித்திரமான சம்பவம்தான். ஆயினும் பிரேக் தேரை நிறுத்துமேயன்றி மூலையில் திருப்பாது. அங்கே சக்கரத்தின் அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளை இட்டு, கட்டைகளாலேயே இன்றும் தேரைத் திருப்புகிறார்கள்.

2022-இல் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் தேர் கவிழ்ந்தபோது, தேர்களின் உறுதியைப் பற்றி எங்கும் பேச்செழுந்தது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் அச்சையும் சக்கரத்தையும் சோதித்துச் சான்று தருவது நல்ல வழக்கமே. அன்றைய தினம் சக்கரத்தின் அருகே குனியப்போகிறவர்கள் யார், மூலை திரும்பியதை அவர்கள் முன்பு எத்தனை முறை கண்டவர்கள் என்பதையும் அதே தாளில் கேட்டு எழுதிக்கொள்வார்களாயின், அந்தச் சோதனை பூரணமாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.