அரை டிக்கெட் காணாமப் போன கதை

திருத்தணியில விமான நிலையம் கிடையாது. ஆனா 2015 டிசம்பர்ல ஒரு சில நாள், நம்ம ஊர்லேர்ந்து கொஞ்ச தூரம் போனா விமானம் ஏறலாம்ங்கற நிலைமை இருந்துச்சு. சென்னை வெள்ளத்துல மீனம்பாக்கம் ஓடுபாதையில தண்ணி நின்னுபோக, அரக்கோணத்து கடற்படை தளமான ஐ.என்.எஸ். ராஜாளியிலேர்ந்து பயணிகள் விமானம் விட்டாங்க. சென்னைக்காரங்க பஸ் ஏறி அரக்கோணம் வந்து பறந்தாங்க. தண்ணி வடிஞ்சதும் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு.

இப்ப நமக்கு ரெண்டு வழிதான். ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் ரேணிகுண்டாவுல இருக்கற திருப்பதி விமான நிலையம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணி ஆந்திராவுல இருந்தது. ம.பொ.சி. மாதிரி ஆளுங்க போராடினதுல எல்லை மாறி இந்தப் பக்கம் வந்தோம். ஆனா மே மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போகலாம்னு டிக்கெட் தேடற குடும்பத்துக்கு எல்லையெல்லாம் கணக்கே இல்ல. எங்க கம்மியோ அங்க ஏறுவாங்க.

அந்தக் 'கம்மி' எப்படி வந்துச்சு, யாருக்குக் கம்மின்னு பாக்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல பறந்தது மனுஷன் இல்ல, கடுதாசி. 1932 அக்டோபர் 15 அன்னிக்கு ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலேர்ந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோட வந்தார். அங்கேர்ந்து பெல்லாரி வழியா மெட்ராசுக்கு அதை ஓட்டிக்கிட்டு வந்தவர் நெவில் வின்சென்ட். பின்னாடி பல கம்பெனி வந்துச்சு. 1953-ல அரசாங்கம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ்னு ஒண்ணே ஒண்ணு வச்சுது.

அந்தக் காலத்து டிக்கெட் சாதாரண ஜனங்களுக்கு எட்டாத விலை. ஆனா அதுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு. ஒரு ஊருக்கு ஒரு விலை. ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினாலும் அதே, நாளைக்குப் போக இன்னிக்கு வாங்கினாலும் அதே. முக்கியமா, ரெண்டு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் பாதிக் கட்டணம். கைக்குழந்தைக்குப் பத்துல ஒரு பங்கு. அப்பா, அம்மா, ரெண்டு பசங்கன்னா நாலு சீட்டுக்கு மூணு டிக்கெட் காசு. ரயில்ல இருந்த அரை டிக்கெட் மாதிரியேதான்.

1990-கள்ல தனியாருக்குக் கதவு திறந்துச்சு. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோதிலுஃப்ட், ஜெட், நம்ம சென்னையிலேர்ந்து என்.இ.பி.சி.ன்னு வரிசையா வந்தாங்க. போட்டி எதுலன்னு நினைக்கறீங்க? சாப்பாட்டுலயும் உபசரிப்புலயும்! விலை அதே உசரத்துல நின்னுச்சு. 1997 முடியறதுக்குள்ள இந்தப் பட்டியல்ல ஜெட்டைத் தவிர மத்ததெல்லாம் மூட்டை கட்டியாச்சு.

விலையைக் குறைக்கிற வித்தை அமெரிக்காவுல டெக்சாஸ்ல பேர் எடுத்தது. 1971-ல ஆரம்பிச்ச சவுத்வெஸ்ட்கிட்ட நாலு விமானம் இருந்துச்சு. அடுத்த வருஷமே பணமுடையில ஒண்ணை வித்துட்டாங்க. நாலு விமானத்தோட வேலையை மூணை வச்சே முடிக்கணும்னு, இறங்கின விமானத்தைப் பத்தே நிமிஷத்துல திரும்பக் கிளப்பினாங்க. தரையில நிக்கற விமானம் சம்பாதிக்காதுங்கறதுதான் சூட்சுமம்.

அந்தப் பாடத்தை இங்க கொண்டு வந்தவர் கேப்டன் கோபிநாத். கர்நாடகாவுல ஹாசன் ஜில்லா கோரூர்க்காரர், 1971 போர்ல இருந்தவர், அப்புறம் விவசாயி. 2003 ஆகஸ்ட்ல ஏர் டெக்கானை ஆரம்பிச்சார். 2020-ல வந்த 'சூரரைப் போற்று' அவர் கதையைத் தழுவினதுதான். சாப்பாடு ஓசி கிடையாது, வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கோ. சீட் நம்பர் கிடையாது, டவுன் பஸ் மாதிரி போய் இடம் பிடிச்சுக்கோ. டிக்கெட்டை இன்டர்நெட்லயே வித்தாங்க. ஒரு ரூபா டிக்கெட்னு (வரி தனி!) அவங்க விட்ட விளம்பரம் ஊரெல்லாம் பேச்சு. 2005-ல ஸ்பைஸ்ஜெட் 99 ரூபாயோட வந்துச்சு, 2006-ல இண்டிகோ வந்துச்சு.

வாழ்க்கையில விமானத்தையே அண்ணாந்து மட்டும் பாத்தவங்க லட்சக்கணக்குல ஏறினாங்க. அது பெரிய காரியம், மறுக்கவே முடியாது. ஆனா சத்தமில்லாம ஒண்ணு காணாமப் போச்சு. அதான் அரை டிக்கெட். மலிவு விமானத்துல குழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சா முழு டிக்கெட். ரயில்லயும் 2016 ஏப்ரல்லேர்ந்து, அஞ்சு முதல் பன்னெண்டு வயசுப் பிள்ளைக்குத் தனி பெர்த் வேணும்னா முழுக் கட்டணம்தான்.

இன்னொண்ணும் மாறிச்சு. ஒரே விமானத்துல பத்து விலை. திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு ஒரு நாளுக்கு ஒரு படின்னு சொல்வாங்க இல்லையா, விமான டிக்கெட்டும் அப்படித்தான், நாளுக்கு ஒரு விலை. தேதியை மாத்திக்க முடிஞ்சவனுக்குக் கம்மி, முடியாதவனுக்கு ஜாஸ்தி. கல்யாணம் ஆகாத பையன் செவ்வாக்கிழமை கிளம்பலாம். பள்ளிக்கூட லீவை நம்பி இருக்கற குடும்பம் என்ன பண்ணும்?

நாலு பேருக்குச் சேத்துத் தேடறப்ப இன்னொரு சங்கதி இருக்கு. பேச்சுக்கு, 3,000 ரூபா விலையில ரெண்டு சீட்தான் பாக்கி, அடுத்த படி 4,000-ன்னு வச்சுக்குவோம். நாலு பேர்னு போட்டா பெரும்பாலும் நாலு சீட்டுக்கும் 4,000 காட்டும், மொத்தம் 16,000. ரெண்டு ரெண்டா வாங்கினா 14,000. அதனால முதல்ல ஒரு ஆளுக்குன்னு தேடிப் பாத்துட்டு அப்புறம் நாலு பேருக்குத் தேடுங்க. பிரிச்சு வாங்கினா ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரியவங்க இருக்கணும். விமானம் ரத்தானா ரெண்டு டிக்கெட்டுக்கும் தனித்தனியா மல்லுக்கட்டணும், அதையும் யோசிச்சுக்குங்க.

சரி, அந்த ஒரு ரூபா டிக்கெட்டுக்கு மீதிப் பணத்தை யார் கட்டினா? அடக்க விலைக்குக் கீழ வித்தா யாராவது கட்டித்தானே ஆகணும். ஏர் டெக்கான் நஷ்டத்துல கிங்ஃபிஷர் கைக்குப் போச்சு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல நின்னுச்சு, ஜெட் 2019 ஏப்ரல்ல, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம், அதுவும் லீவு நேரத்துல. ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி, பயணிகளுக்கு டிக்கெட் பணம் பாக்கி. கொரோனா சமயத்துல அரசாங்கம் 2020 மே மாசத்துலேர்ந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் டிக்கெட்டுக்கு உச்ச வரம்பு வச்சுது. அதோட, இதுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு கீழ் வரம்பும் வச்சுது! கம்பெனி விழுந்துட்டா அடுத்த வருஷம் யார்கிட்ட டிக்கெட் வாங்கறதுங்கற பயம்தான்.

இந்த வரலாறு நமக்குச் சொல்றது இதுதான். விளம்பரத்துல வர்ற விலை ஒத்தை ஆளுக்கான விலை. குடும்பத்துக்கான விலையை நாமளேதான் கூட்டிப் பாக்கணும். டிக்கெட், நாலு பேருக்கும் தலைக்கு இவ்வளவுன்னு போகவரப் பிடிக்கிற கட்டணம், பெட்டி எடை, அப்புறம் வீட்டுலேர்ந்து ஏர்போர்ட் போற செலவு. மீனம்பாக்கம்னா மின்சார ரயில்ல சென்னை போயி, பார்க் ஸ்டேஷன்ல மாறி திரிசூலத்துல இறங்கிடலாம், காசு ரொம்பக் கம்மி. ரேணிகுண்டாவும் ரயில் தூரம்தான், ஆனா அங்கேர்ந்து போற ஊர்கள் குறைவு. விடிகாலை விமானம்னா ரெண்டுக்குமே கார்தான். அந்த வாடகையையும் சேத்தா, 500 ரூபா கம்மியா தெரிஞ்ச டிக்கெட் சில சமயம் ஆயிரம் ரூபா ஜாஸ்தியா முடியும்.

குழந்தைன்னா பாதிங்கறது வியாபாரக் கணக்குல வந்தது இல்ல. குடும்பம் குடும்பமா ஜனங்க ஊர் பாக்கணும்னு ஒரு காலம் ஒத்துக்கிட்ட வழக்கம் அது. ஒரு ரூபா டிக்கெட் வந்த வேகத்துல போயிடுச்சு. அரை டிக்கெட் அம்பது வருஷத்துக்கு மேல நின்னுச்சு. திரும்பக் கொண்டு வரணும்னா எதைக் கேட்டு வாங்கணும்னு நீங்களே சொல்லுங்க.