ஏன் சொன்னான், என்ன சொன்னான்?

1971 செப்டம்பர் 3, இரவு. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் ஒரு மனநல மருத்துவரின் அலுவலகம். மூன்று பேர் சன்னலை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். கோப்புகள் இருந்த அலமாரிகளை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். போகும்போது மாத்திரைகளைத் தரையில் இறைத்துவிட்டுப் போனார்கள். போதைக்கு அடிமையான எவனோ மருந்து தேடி வந்திருக்கிறான் என்று போலீஸ் நம்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அவர்களை அனுப்பியவர்கள் வெள்ளை மாளிகைக்காக வேலை செய்தவர்கள். தேடி வந்தது பணமல்ல, ஒரு நோயாளியின் கோப்பு. நோயாளியின் பெயர் டேனியல் எல்ஸ்பெர்க். இரகசிய ஆவணங்களை வெளியிட்ட ஒரு மனிதனின் மனசுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு அரசாங்கம் பூட்டை உடைத்த கதை இது. வரலாற்றில் எனக்கு மிகவும் விநோதமாகப்படும் திருட்டுகளில் ஒன்று.

எல்ஸ்பெர்க் வெளியிட்டதைப் 'பென்டகன் பேப்பர்ஸ்' என்கிறோம். அமெரிக்கா வியட்நாமுக்குள் எப்படிப் போனது என்று ஆராய 1967-இல் தற்காப்பு அமைச்சர் மெக்னமாரா ஒரு குழுவை அமைத்தார். 47 தொகுதிகள், ஏறக்குறைய 7000 பக்கங்கள். ட்ரூமன் தொடங்கி ஜான்சன் வரை அதிபர்கள் மக்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அதைப் படித்தால் தெரியும். எல்ஸ்பெர்க் தெருவில் கோஷம் போட்டு வளர்ந்தவரல்ல. மரீன் படை அதிகாரியாக இருந்தவர், ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர், ராண்ட் நிறுவனத்தின் ஆய்வாளர், வியட்நாமில் இரண்டு ஆண்டுகள் இருந்தவர். அந்த ஆய்வை எழுதிய குழுவிலும் ஒருவர். தொடக்கத்தில் போரை நம்பியவர்.

1969 அக்டோபரில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஜெராக்ஸ் இயந்திரத்தில் இரவு இரவாக நகலெடுத்தார். ஒரு நாள் 13 வயது மகனையும் உதவிக்கு அழைத்துப் போனார். முதலில் செனட்டர்களிடம்தான் கொண்டுபோனார். அவர்கள் தயங்கினார்கள். பிறகுதான் பத்திரிகை. 1971 ஜூன் 13-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிடத் தொடங்கியது. அரசு நீதிமன்றத்தில் தடை வாங்கியது. ஜூன் 30-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகள் பக்கம் நின்றது.

அந்தப் பக்கங்களில் நிக்சனின் ஆட்சியைப் பற்றி எதுவும் இல்லை. எல்லாம் அவருக்கு முந்தியவர்கள் செய்தது. ஆனாலும் இவர் இதோடு நிற்பாரா, தன் இரகசியங்களும் வெளியே வருமா என்ற பயம் நிக்சனுக்கு வந்துவிட்டது. ஆவணம் பொய் என்று சொல்ல வழியில்லை, அரசே எழுதியது. அப்படியானால் ஆள்தான் பாக்கி. துரோகியா, புகழுக்கு அலைகிறவனா, மூளை பிசகியவனா? முதலில் சி.ஐ.ஏ.விடம் எல்ஸ்பெர்க்கின் மனநிலையைப் பற்றி ஒரு அறிக்கை கேட்டார்கள். தான் செய்ததில் துரோகம் இருப்பதாக அவர் நினைத்த மாதிரி தெரியவில்லை, அதை உயர்ந்த ஒரு தேசப்பற்றாகவே கருதியிருக்கிறார் என்கிற ரீதியில் பதில் வந்தது. கேட்டவர்களுக்குத் திருப்தி இல்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனால் அது அவர்களுக்கு வேண்டிய பதிலல்ல. அதன் பிறகுதான் சன்னல் உடைந்தது.

இப்போது நீதிமன்றத்தைப் பாருங்கள். எல்ஸ்பெர்க் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுக்கு மொத்தம் 115 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைத்திருக்கலாம். 1973 விசாரணையில் அவருடைய வழக்கறிஞர் அவரிடமே கேட்டார்: ஏன் நகலெடுத்தீர்கள்? அரசுத் தரப்பு உடனே ஆட்சேபித்தது. அந்தக் கேள்வி வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று நீதிபதியும் ஒத்துக்கொண்டார். தன் வாயால் காரணம் சொல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். நீதிமன்றத்துக்கு வெளியே 'ஏன்' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை, அதற்காகத் திருடக்கூடச் செய்தார்கள். உள்ளே அந்த மனிதன் பதில் சொல்ல வாயைத் திறந்தால், அது தேவையில்லை என்கிறார்கள். அதாவது, உள்நோக்கத்தைப் பற்றி எல்லாரும் பேசலாம், அந்த உள்நோக்கத்துக்குச் சொந்தக்காரனைத் தவிர.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இன்னொரு கூத்தும் நடந்தது. நிக்சனின் உதவியாளர் ஏர்லிக்மன் அந்த நீதிபதியைச் சந்தித்து, எஃப்.பி.ஐ. இயக்குநர் பதவியைப் பற்றிப் பேசினார். மருத்துவர் அலுவலகத் திருட்டும் அதற்குள் அம்பலமானது. எல்ஸ்பெர்க் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டதும், அந்தப் பதிவுகள் காணாமல் போனதும் வெளியே வந்தன. 1973 மே 11-இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். உள்நோக்கத்தைத் தேடிப் போனவர்களே எல்ஸ்பெர்க்கைக் காப்பாற்றினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்ஸ்பெர்க்கை வைத்து மட்டும் பேசினால் விவாதம் எளிதாகிவிடும். நல்லவன், நல்ல நோக்கம், முடிந்தது கதை. ஆகவே அதே காலத்தில், அதே நிக்சனுக்கு எதிராகத் தகவல் சொன்ன இன்னொருவரைப் பார்ப்போம். நீதிபதியிடம் பேசிப்பார்த்தார்களே அந்த எஃப்.பி.ஐ. இயக்குநர் நாற்காலி, அது தனக்குத்தான் என்று காத்திருந்தவர்.

மார்க் ஃபெல்ட். 1972 மே மாதம் எஃப்.பி.ஐ.யின் ஹூவர் இறந்தபோது அடுத்தது தான்தான் என்று நினைத்திருந்தார். நிக்சன் வெளியிலிருந்து பேட்ரிக் கிரேயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அடுத்த மாதம் வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதில் இருவர் பெவர்லி ஹில்ஸ் சன்னலை உடைத்தவர்கள்! விசாரணைக் கோப்புகள் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்தில் இருந்த ஃபெல்ட்டின் மேசைக்கு வந்தன. அவர் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பாப் உட்வர்டுக்கு, அடித்தள கார் நிறுத்துமிடத்தில், நள்ளிரவில் வழிகாட்டினார். பத்திரிகைக்குள் அவருக்கு வைத்த புனைபெயர் 'டீப் த்ரோட்'.

வெள்ளை மாளிகைக்கு அவர் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1972 அக்டோபர் 19-இல் ஹால்டமன் நிக்சனிடம் ஃபெல்ட்டின் பெயரைச் சொல்வது ஒலிநாடாவில் இருக்கிறது. நிக்சனின் கேள்வி, அவன் ஏன் இப்படிச் செய்கிறான்? உச்சப் பதவி மேல் ஆசை என்கிறார் ஹால்டமன். பிறகு பேச்சு மதத்துக்குப் போகிறது. கத்தோலிக்கனா என்று கேட்கிறார் நிக்சன். யூதன் என்கிறார் ஹால்டமன். அப்படியா, அதுதான் காரணமாக இருக்கும் என்கிற மாதிரி முடிகிறது. ஃபெல்ட் யூதரே அல்ல. உலகத்தின் மிகப் பெரிய உளவு அமைப்புகளைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு மனிதனின் உள்நோக்கத்தை ஆராய்ந்த இலட்சணம் இது.

2005-இல், 91 வயதில், ஃபெல்ட் தன்னை வெளிப்படுத்திக்கொண்டபோது மீண்டும் அதே சண்டை. நிக்சனின் பழைய ஆட்கள் துரோகி என்றார்கள். வேறு பலர் நாயகன் என்றார்கள். 2012-இல் மேக்ஸ் ஹாலண்ட் எழுதிய நூல், ஃபெல்ட் சனநாயகத்தைக் காப்பாற்ற வந்தவரல்ல, கிரேயைக் கவிழ்த்து நாற்காலியைப் பிடிக்க விரும்பியவர் என்று வாதிட்டது. எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரியென்றே படுகிறது. ஆதாயம் இல்லாமல் எவன்தான் ஆற்றோடு போவான்?

சரி, இருக்கட்டும். அதனால் வாட்டர்கேட் பொய்யாகிவிடுமா? உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் அவர் வார்த்தையை மட்டும் வைத்து எழுதவில்லை, வேறு ஆட்களிடமும் விசாரித்தார்கள். நீதிமன்றமும் செனட்டும் தனித்தனியாக விசாரித்தன. கடைசியில் நிக்சனை வீட்டுக்கு அனுப்பியது அவருடைய சொந்தக் குரல் பதிவான நாடாக்கள்தான். ஃபெல்ட்டின் மனசு அழுக்காக இருந்தாலும் அந்த நாடாவில் ஒரு சொல் மாறப்போவதில்லை.

ஆனால் உள்நோக்கத்தைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு பயன் உண்டு. அது சொன்ன விஷயத்தை அளக்க உதவாது, சொல்லாமல் விட்டதைத் தேட உதவும். அடுத்தவன் வீட்டுத் திருட்டைக் காட்டிக்கொடுத்த ஃபெல்ட், அதே காலகட்டத்தில் வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற தீவிரவாதக் குழுவினரின் உறவினர், நண்பர்கள் வீடுகளுக்குள் நீதிமன்ற ஆணையில்லாமல் நுழைய அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி உட்வர்டுக்குப் போகவில்லை. 1980-இல் அதற்காக அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. விசாரணையில் அவர் தரப்புக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல வந்தவர் யார் தெரியுமா? நிக்சன். அடுத்த ஆண்டு ரீகன் மன்னிப்பு வழங்கினார். நாற்காலி மேல் ஆசைப்பட்டவன் நாற்காலியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்க மாட்டான். எந்த அலமாரியைத் திறக்காமல் விட்டான் என்று பார்க்க, அவன் நோக்கம் நமக்குக் கைவிளக்கு.

அந்தத் திறக்காத அலமாரியை வேறு ஆட்கள் திறந்தார்கள். 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவில் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் எட்டு பேர் புகுந்து கோப்புகளை அள்ளிப் போனார்கள். பத்திரிகைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். போர் எதிர்ப்பாளர்களையும் கறுப்பின மாணவர்களையும் எஃப்.பி.ஐ. எப்படிக் கண்காணித்தது என்பது அதில் இருந்தது. 'கோஇன்டெல்புரோ' என்ற சொல்லை வெளியுலகம் முதலில் பார்த்தது அங்கேதான். பிற்பாடு 1975-இல் செனட்டின் சர்ச் குழு விசாரணைக்கு இட்டுச்சென்ற விஷயங்களில் இதுவும் ஒன்று. எட்டு பேரில் ஒருவரைக்கூட எஃப்.பி.ஐ. பிடிக்கவில்லை. 2014-இல் அவர்களில் சிலர் தாமாக முன்வந்து பேசும்வரை, 43 ஆண்டுகள் யாரென்றே தெரியாது.

இது கிட்டத்தட்ட ஒரு மொட்டைக் கடிதம். நம்மூரில் கோயில் நிர்வாகத்துக்கோ பள்ளி வாரியத்துக்கோ மொட்டைக் கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கணக்கு நோட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். கையெழுத்து யாருடையது, போன தேர்தலில் தோற்றவன்தானே, இவனுக்கு என்ன வந்துச்சு என்றுதான் பேச்சு ஓடும். மீடியா ஊர்க் கோப்புகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைக்கவில்லை, போற்றவும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் தாளைப் படித்தார்கள்.

2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் வந்தபோது இதெல்லாம் மறுபடி நடந்தது. சுயமோகியா, உளவாளியா, ஏன் மாஸ்கோ? எல்ஸ்பெர்க் 2023-இல் இறக்கும்வரை அவரை ஆதரித்துப் பேசினார். ஒரு கட்டத்தில் எல்ஸ்பெர்க்கையே அளவுகோலாக்கி, அவர் நல்ல கசிவாளர், இவன் கெட்டவன் என்றும் எழுதினார்கள். 1971-இல் அதே எல்ஸ்பெர்க்கை என்ன சொன்னார்கள் என்பது மறந்துபோயிருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில், ஸ்னோடென் ஆவணங்களின் அடிப்படையில் நம் வட்டாரத்தைப் பற்றியும் செய்திகள் வந்தன. இங்கே கடலடியில் போகும் தொலைத்தொடர்புக் கேபிளில் ஒட்டுக்கேட்க சிங்கப்பூர் உளவுத்துறை ஆஸ்திரேலியாவுக்கு உதவியதாகச் சொன்னது அந்தச் செய்தி. மலேசிய வெளியுறவு அமைச்சு சிங்கப்பூர் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது. நாம் அனுப்பும் மின்னஞ்சலும் பேசும் பேச்சும் அந்த மாதிரிக் கேபிள்களில்தான் போகின்றன. ஸ்னோடெனின் காதலி யார், அவர் மாஸ்கோவில் என்ன சாப்பிடுகிறார் என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியும். கேபிளைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?