மருந்து கேட்காத கட்டியிலிருந்து அடுத்த மருந்து பிறந்த கதை

1987-இல் லாஸ் ஏஞ்சலஸில் டெனிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 30 சதவீதக் கட்டிகளில் ஹெர்2 என்ற மரபணு பல நகல்களாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. செல்லின் மேற்பரப்பில் ஹெர்2 ஏற்பிகள் அளவுக்கு மீறி மொய்த்து, பெருகச் சொல்லி உள்ளே ஓயாமல் சமிக்ஞை அனுப்பியதுதான் காரணம். அந்த ஏற்பியைப் பற்றி அடக்க ஜெனென்டெக் நிறுவனம் உருவாக்கிய ஆன்டிபாடி டிராஸ்டுசூமாப். 1998-இல் ஹெர்செப்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நோய் உடலில் பரவிவிட்டவர்களுக்குக் கீமோவுடன் இதையும் கொடுத்தபோது, ஆயுளின் இடைநிலை அளவு 20.3 மாதத்திலிருந்து 25.1 மாதமாக உயர்ந்தது. ஆனால் அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஏழரை மாதத்துக்குள் நோய் மறுபடி வளரத் தொடங்கியது. நன்றாகக் கேட்ட மருந்து ஏன் கேட்காமல் போனது?

கட்டிகளை ஆராய்ந்தபோது பல வழிகள் தெரிந்தன. சில செல்களில் ஆன்டிபாடி பற்றவேண்டிய வெளிப்பகுதியே இல்லாத குட்டை ஹெர்2 இருந்தது. சிலவற்றில் சமிக்ஞையை அடக்கும் பிடென் புரதம் தொலைந்திருந்தது, அல்லது பிஐகே3சிஏ மரபணு மாறியிருந்தது. வாசலில் ஏற்பியை அடைத்தாலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஹெர்2, தன் உறவான ஹெர்3-உடன் ஜோடி சேர்ந்தும் சமிக்ஞையைத் தொடர்ந்தது.

அந்த ஜோடியைப் பிரிக்கும் பெர்டுசூமாப் 2012-இல் வந்தது. அதையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 40.8 மாதத்திலிருந்து 56.5 மாதமானது. சமிக்ஞையை அடைப்பதோடு நிற்காமல், செல்லுக்குள் நஞ்சையே சுமந்து செல்லும் டி-டிஎம்1 2013-இல் வந்தது. ஆனால் ஒரே கட்டியில் ஹெர்2 நிறைந்த செல்லும் குறைந்த செல்லும் கலந்திருக்கும், குறைந்தவை தப்பின. ஜப்பானின் டாய்ச்சி சாங்க்யோ உருவாக்கி, 2019-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுசூமாப் டெருக்ஸ்டெகானில் உள்ள நஞ்சு, செல்சவ்வைக் கடந்து பக்கத்துச் செல்லையும் கொல்லும்.

இந்த மருந்துக்கும் கட்டி ஒருநாள் பழகிவிடலாம். அதனால்தான் திரும்பி வந்த கட்டியை, முடிந்தவரை, மறுபடி பயாப்சி செய்து பார்க்கவேண்டும். பழைய அறிக்கையில் இருந்த ஹெர்2 இப்போது இல்லாமல் போயிருக்கலாம். அது தெரியாமல் பழைய மருந்தையே தொடர்வது, அந்தப் பெண்ணின் விலைமதிப்பற்ற மாதங்களை வீணாக்குவதாகும்.