சிவநேரி மலரும் லத்தீன் பெயரும்

புனே நகருக்கு வடக்கே, ஜுன்னரை அடுத்து, சிவநேரிக் கோட்டை நிற்கிறது. 1630-ஆம் ஆண்டில் சிவாஜி மகாராஜா பிறந்த தலம் அது. அதன் செங்குத்தான பாறை இடுக்குகளில், சதைப்பற்றுள்ள தண்டும், மஞ்சள் கலந்த கருஞ்சிவப்பில் விண்மீன் போன்ற மலரும் உடைய சிறு செடி ஒன்று வளர்கிறது. மராட்டியர் அதனை ‘ஷிந்தள் மாகுடி’ என்பர். விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயரின் வரலாறு சுவையானது.

1860-களில் டால்செல் என்னும் தாவரவியலார் அதற்கு ‘ஃப்ரேரியா இண்டிகா’ எனப் பெயர் சூட்டினார். முற்சொல் பேரினப் பெயர். 1862 முதல் 1867 வரை பம்பாய் கவர்னராயிருந்த சர் பார்ட்டில் ஃப்ரேரை அது நினைவூட்டுகிறது. பிற்சொல் இனத்தைக் குறிக்கும் அடைமொழி. ‘இந்தியாவுக்குரியது’ என்பது அதன் பொருள். தாவரங்களுக்கு இவ்விருசொல் முறையை நிலைநாட்டியது, ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலாகும்.

நல்லவன், நல்லவள், நல்லது எனத் தமிழில் விகுதி மாறுவதுபோல, லத்தீன் அடைமொழியும் பேரினப் பெயரின் பாலுக்கேற்ப மாறும். மாமரம் ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’. எள்ளோ ‘செசாமம் இண்டிகம்’. புளியின் பேரினப் பெயராகிய ‘டாமரிண்டஸ்’ ஆண்பால்போல ஒலிப்பினும், லத்தீனில் மரங்கள் பெரும்பாலும் பெண்பாலாதலின், அதுவும் ‘இண்டிகா’வையே பெற்றது. புளியின் தாயகம் ஆப்பிரிக்கா என்று பின்னர் அறிந்தபோதும் அப்பெயர் மாற்றப்படவில்லை. அடைமொழி அடையாளமேயன்றிச் சான்றிதழ் அன்று.

இனிச் சிவநேரிச் செடிக்கு மீள்வோம். 1958-இல் ரௌலி என்பார் அதனைக் ‘கராலுமா’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். ஆங்கே ‘இண்டிகா’ என்ற அடைமொழியுடன் வேறொரு செடி முன்னரே இருந்தது. ஒரு பேரினத்துள் இரண்டு இனங்கள் ஒரே அடைமொழியைத் தாங்கலாகாது என்பது விதி. ஆகவே அவர் ‘ஃப்ரேரெயி’, அதாவது ‘ஃப்ரேருடையது’, எனப் புதிய அடைமொழி வகுத்தார். நாட்டின் பெயர் நீங்கிற்று. கவர்னரின் பெயரோ முன்னிடம் விட்டுப் பின்னிடம் புகுந்து நிலைத்தது!

எனினும் இவ்வேற்றுமை உருபு ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிர மலைகளில் வாழும் ‘அபுடிலான் ரானடெயி’ என்னும் துத்தியினச் செடி, செடிகொடிகளைத் தேடிச் சேகரித்த ரானடேயின் பெயரை 1894 முதல் தாங்கி வருகிறது. புனேப் பேராசிரியர் மகாபலேயின் நினைவைச் ‘செரோபீஜியா மகாபலெயி’ காக்கிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இப்பெயர்களை மொழிபெயர்ப்பதில்லை; ஒலிபெயர்ப்பதோடு அமைகிறோம். ஆனால் ‘ஷிந்தள் மாகுடி’ போன்ற ஊர்ப்பெயர்களைக் காக்க விதிநூல் ஏதும் இல்லை. அவற்றை வழங்குவோர் மறந்தால் அவை மறைந்துவிடும். அச்செடியோ இன்று அருகிவருகிறது. லத்தீன் பெயரை ஏட்டில் எழுதும்போது, ஊரார் வழங்கும் பெயரையும் அருகே எழுதிவைப்பதும், இரண்டுக்கும் உரிய செடியைப் பாறையிலேயே வாழவிடுவதும் நம் கடமையாகும்.